நிழல் தரும் வளைவுகள்

சித்திரை மாத நண்பகலில் புதுக்கோட்டைக் கீழராஜ வீதியில் ஒருமுறை நடந்து பார்த்தால் ஓர் உண்மை விளங்கும். இருபுறமும் வணிக வளாகங்கள் உயர்ந்து நிற்கின்றன. ஆனால் வழிநடப்பவர் ஒதுங்கி நிற்க நிழல் அரிதாகவே கிடைக்கிறது. வாசற்படிகள் சாலை வரை நீண்டிருக்கின்றன. கண்ணாடி முகப்புகள் வெயிலை நம் முகத்திலேயே திருப்பியடிக்கின்றன. பொருள் வாங்க வருபவருக்கு உள்ளே குளிர்ச்சி உண்டு. வாங்க வழியற்றவருக்கு?

இக்கேள்வியை மனத்தில் கொண்டே, கடல் கடந்த ஒரு கட்டடத்தை இங்கே திறனாய்வுக்கு எடுத்துக்கொள்கிறோம். கொழும்புக் கோட்டைப் பகுதியில் யோர்க் வீதி முனையில் நிற்கும் கார்கில்ஸ் கட்டடம் அது. 1844இல் தொடங்கிய வணிக நிறுவனம் ஒன்றுக்காக எட்வர்டு ஸ்கின்னர் என்னும் கட்டடக் கலைஞர் இதனை வடிவமைத்தார். ஒல்லாந்தர் கால மாளிகையொன்று இருந்த இடத்தில் 1906இல் இது நிறைவுற்றது. அன்று பிரித்தானிய அரியணையில் இருந்தவர் ஏழாம் எட்வர்டு. அவர் ஆண்ட 1901 முதல் 1910 வரையிலான காலத்துக் கட்டடப் பாணிக்கு அவர் பெயரே நிலைத்துவிட்டது. செந்நிறச் சுவர், அதில் வெண்ணிற வேலைப்பாடு, பெருமிதம் காட்டும் முகப்பு ஆகியன அப்பாணியின் அடையாளங்கள். இம்மூன்றையும் இங்கே காணலாம்.

ஆயினும் நம் கருத்தைக் கவர்வது இந்த அலங்காரமன்று; தெருவை ஒட்டி வரிசையாகச் செல்லும் வளைவுகளே. அவற்றின் உள்ளே கூரையிட்ட நடைபாதை ஓடுகிறது. நடைபாதைக்கு அப்பால் கடை. மேல்தளங்களில் அலுவலக அறைகள். கட்டியவர்களின் கணக்கு நுட்பமானது. தரைத்தளத்தில் சில அடி இடத்தை நடப்பவர்க்கு விட்டுக்கொடுத்தார்கள். விட்ட இடத்திற்கு மேலேயே அறைகளை எழுப்பி அதனை ஈடுசெய்துகொண்டார்கள். வணிகருக்கு இழப்பில்லை, வழிப்போக்கருக்கோ வெயிலும் பருவமழையும் தொல்லை தருவதில்லை. கண்ணாடிப் பெட்டகங்களில் வைத்த பொருள்களின்மீதும் நேர்வெயில் படுவதில்லை. தன்னலமும் பிறர்நலமும் ஒரே தூணில் தாங்கப்படுவதை நாம் இங்கே காண்கிறோம்.

இத்தகைய ஏற்பாடு கொழும்புக்கு மட்டும் உரியதன்று. 1822ஆம் ஆண்டு இராஃபிள்சு வகுத்த சிங்கப்பூர் நகரத் திட்டம், ஒவ்வொரு கடைவீட்டின் முன்னும் கூரையிட்ட பொதுவழி தொடர்ச்சியாக இருக்க வேண்டும் என விதித்தது. ‘ஐந்தடி வழி’ எனப் பெயர்பெற்ற அவ்வழியில் எத்தனையோ தமிழர் சிறுகடை வைத்துப் பிழைத்தனர்.

புகழ்வதோடு நிறுத்திக்கொள்வது திறனாய்வாகாது. இக்கட்டடத்தின் மேற்பகுதி, தான் நிற்கும் மண்ணை அறியாதது போல் ஐரோப்பிய நகரொன்றின் தோற்றத்தைச் சூடிக்கொண்டிருக்கிறது. அதன் கீழ்ப்பகுதி மட்டுமே வெயிலையும் மழையையும் உணர்ந்து பேசுகிறது. இதனினும் பெரிய குறை ஒன்றுண்டு. இக்கடையைச் செழிக்கவைத்த பெரும் செல்வம் தேயிலை மலைகளிலிருந்து இறங்கி வந்தது. அம்மலைகளில் உழைத்தவர்கள் யாவர்? திருச்சி, இராமநாதபுரம், சேலம் ஆகிய பகுதிகளிலிருந்தும் நம் புதுக்கோட்டைச் சமஸ்தானத்திலிருந்தும் சென்ற ஏழை மக்கள். தூத்துக்குடியில் கப்பலேறியும், 1914இல் தனுஷ்கோடி வழி திறந்தபின் அவ்வழியாகவும் அவர்கள் போனார்கள். 1964இல் இரு அரசுகளும் செய்துகொண்ட உடன்படிக்கையில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென முடிவாயிற்று. அவர்களுள் எத்தனையோ குடும்பங்கள், பாட்டன் விட்டுச்சென்ற ஊரை முதன்முறையாகக் கண்டன. வளைவுகளின் நிழல் யார்க்கும் பொதுவாக இருந்தது. அதனைச் சாத்தியமாக்கிய வியர்வையோ கல்லில் பெயர் பெறவில்லை. அழகைப் போற்றும் நாம் இக்கடனையும் நினைவில் வைக்கக் கடமைப்பட்டுள்ளோம்.

அதே காலத்தில் நம் மாவட்டத்திலும் கடல்கடந்த வணிகப் பணம் சுவர்களாக எழுந்தது. இராயவரம், அரிமளம், கடியாபட்டி ஆகிய ஊர்களில் நகரத்தார் கட்டிய வீடுகளைப் பாருங்கள். பர்மாத் தேக்கும் அயல்நாட்டுப் பளிங்கும் அங்கே உண்டு. அயல்நாட்டு மோகமும் இல்லாமலில்லை. ஆனால் முகப்பில் திண்ணை இருக்கிறது. வழிநடந்து களைத்தவர் வீட்டாரிடம் கேளாமலேயே அமரும் இடம் அது. கொழும்பின் வளைவும் கடியாபட்டியின் திண்ணையும் வெவ்வேறு மரபின; எனினும் வாசல் என்பது உள்ளே வருவோர்க்கு மட்டுமன்று, கடந்து போவோர்க்கும் உரியது என்ற ஒரே கொள்கையை இரண்டும் அறிந்திருந்தன.

நம் தலைநகரும் இதனை அறியாததன்று. 1878இல் திவானாகப் பொறுப்பேற்ற சேஷையா சாஸ்திரி, நேராக ஓடி ஒன்றையொன்று செங்கோணத்தில் வெட்டும் அகன்ற வீதிகளாக இந்நகரைச் சீரமைத்தார். நடப்பவரை எண்ணி வகுத்த அவ்வீதிகளின் ஓரங்களை இன்று படிக்கட்டுகளும் விளம்பரப் பலகைகளும் ஊர்திகளும் பங்கிட்டுக்கொள்கின்றன. அகலம் இருக்கிறது, இடம் இல்லை.

எருசலேம் ஆலயத்தில் சாலமோன் மண்டபம் என்றொரு தூண்வரிசை இருந்தது. குளிர்காலத்தில் ஆண்டவர் அங்கே உலவினார் என்று யோவான் நற்செய்தி கூறுகிறது. தொடக்கத் திருச்சபையும் அங்கே கூடியதைத் திருத்தூதர் பணிகள் நூல் சொல்கிறது. திருத்தூயகத்தின் உட்புறத்தில் இடம்பெற இயலாதவரும் நின்று கேட்கக்கூடிய இடம் அது.

நம்முள் கடை கட்டுவோர் உண்டு. பங்கு மண்டபமும் பள்ளியும் கட்டுவோர் உண்டு. வரைபடத்தை விரிக்கும்போது நான்கடி இடத்தைத் தெருவுக்கென ஒதுக்கி, அதன்மேல் கூரையிட்டு, ஒரு கல்பலகையும் போட்டால் எவ்வளவு குறைந்துவிடும்? பேருந்துக்குக் காத்திருக்கும் முதியவள் ஒருத்தி அதில் அமர்வாள். கட்டியவர் யாரென்று அவளுக்குத் தெரியாது. அவள் அமர்ந்தாளா என்பதைக் கொண்டே நாம் அக்கட்டடத்தை மதிப்பிடுவோம்.