ஃபான்டன்-லத்தூரின் மலர் ஓவியங்கள்

ஆன்றி ஃபான்டன்-லத்தூர் (1836–1904) கிரெனோபிளில் பிறந்து பாரிசில் வாழ்ந்த பிரெஞ்சு ஓவியர். எண்ணெய் வண்ணத்தில் ஏராளமான மலர் ஓவியங்களைத் தீட்டியவர்.

பிரெஞ்சுக் கலைக்கழகம் ஓவிய வகைகளை உயர்வு தாழ்வாக வரிசைப்படுத்தியிருந்தது. வரலாற்று ஓவியத்துக்கு முதலிடம். பூவும் பழமும் பாத்திரமும் கொண்ட அசையாப்பொருள் ஓவியத்துக்குக் கடைசி இடம். ஃபான்டனும் வாக்னர், பெர்லியோஸ் ஆகியோரின் இசையிலிருந்து கற்பனைக் காட்சிகளை வரைவதிலேயே பெருவிருப்பம் கொண்டிருந்தார். பிழைப்புக்குக் கைகொடுத்தவை பூக்கள்தாம். 1859இல் ஓவியர் விசுலரின் அழைப்பில் லண்டன் சென்றவருக்கு எட்வின் எட்வர்ட்சு, ரூத் தம்பதியரின் நட்பு கிடைத்தது. அவர்கள் வழியாக மலர் ஓவியங்கள் இங்கிலாந்தில் விலைபோயின. அதனால் பிரான்சில் இவற்றை அறிந்தவர் குறைவு.

காசுக்காக வரைந்தவை என்று இவற்றை ஒதுக்குவது தவறு. லண்டன் தேசிய ஓவியக்கூடத்திலுள்ள 'ரோசாக் கூடை' (1890) ஒன்றே போதுமான சான்று. பின்னணியில் சன்னலோ திரைச்சீலையோ இல்லை. மங்கிய வெறும் பரப்பு. அதன்முன் ஒவ்வொரு ரோசாவும் தனித்தனி முகம் கொண்டு நிற்கிறது. சில இதழ்களின் விளிம்பு கூர்மையாகத் தெரிகிறது. சில பின்னணியோடு கரைந்துவிடுகின்றன. தாவரவியல் படத்தில் இந்தக் கரைதல் இருக்காது. பதினேழாம் நூற்றாண்டு டச்சு ஓவியர்கள் வெவ்வேறு பருவத்துப் பூக்களை ஒரே சாடியில் சேர்த்து வைத்தார்கள். அந்த ஆடம்பரம் இங்கே இல்லை. நார்மண்டியிலுள்ள பூரே கிராமத்து வீட்டுத் தோட்டத்தில் கோடையில் பூத்தவையே அவருக்குப் போதுமானவையாக இருந்தன.

குறையும் உண்டு. மேசை, கண்ணாடிக் குவளை, வெறுஞ்சுவர் என்ற அமைப்பு திரும்பத் திரும்ப வருகிறது. வரிசையாகப் பார்ப்பவருக்குச் சலிப்புத் தட்டும். மானேயின் நண்பராக இருந்தும், 1874இல் மோனே முதலியோர் நடத்திய கண்காட்சியில் அவர் சேரவில்லை. ஆயினும், உருண்டு திரண்ட உருவங்கள் நிறைந்த அவருடைய வாக்னர் காட்சிகளைவிட இந்த ரோசாக்களில்தான் உயிர் இருக்கிறது.

அவர் மனைவி விக்டோரியா டூபூர்க்கும் தேர்ந்த மலர் ஓவியரே. கணவரின் பெயருக்குப் பின்னால் அவர் பெயர் மறைந்துபோனது நியாயமன்று. கணவரின் படைப்புகளுக்கு முழுப் பட்டியல் தொகுத்து 1911இல் வெளியிட்டவரும் அவரே.

பாரிசின் ஓர்சே அருங்காட்சியகத்தில் 'மேசையின் ஓரம்' (1872) என்னும் குழுப்படம் உள்ளது. வெர்லேன், ரிம்போ ஆகியோருடன் கவிஞர் ஆல்பர்ட் மேராவும் அதில் இடம்பெற வேண்டியவர். அவ்விருவரோடு சேர்ந்திருக்க மேரா மறுத்துவிட்டார். அவர் இருக்க வேண்டிய இடத்தில் ஃபான்டன் ஒரு பூச்சாடியை வரைந்தார்.