பாட்டு வெளியே வரும் நேரம்

ஐபேடில் காரேஜ்பேண்ட் என்ற இசையமைப்புச் செயலி 2011-இல் வந்தது. அதில் எனக்கு மிகவும் பிடித்த கட்டம், முடித்த பாட்டை ஆடியோ கோப்பாக எடுப்பது. பாட்டின் படத்தை விரலால் அழுத்திப் பிடித்து, 'ஷேர்' தொட்டு, 'சாங்'கைத் தேர்ந்தெடுத்தால், என்ன தரம் வேண்டும் என்று கேட்கும். நண்பருக்கு அனுப்ப, சுருக்கிய ஏஏசி தாராளம். மாஸ்டரிங்குக்கு என்றால் சுருக்காத வேவ்தான். 16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸ் ஸ்டீரியோவில் நிமிடத்துக்குச் சுமார் 10 எம்பி பிடிக்கும். பிடிக்கட்டும்! தனித்தனி டிராக்கில் கிடந்த டிரம்ஸ், பேஸ், குரல் எல்லாம் இரண்டே சேனலில் ஒன்றாகக் கலந்து நிற்கும் அழகுக்கு அது தகும். கடைசி ஸ்வரத்தின் ரிவெர்ப் முழுதாக அடங்கும்வரை இடம் விட்டிருக்கிறதா என்று மட்டும் முன்கூட்டியே பார்த்துவிட வேண்டும். பிறகு அந்தக் கோப்பைக் காரில் போட்டுக் கேளுங்கள். ஹெட்போன் சொல்லாத பேஸ் கனத்தைக் கார் சொல்லிவிடும்.