தூக்கிப் பார்க்க முடிகிற கூரை: நெசவு வீட்டில் மூன்று ஃபால்ஸ் சீலிங்

போன வருஷம் ஐப்பசி அடைமழையில், என் படுக்கையறையின் ஜிப்சம் சீலிங்கில் தேங்காய் மூடி அளவுக்கு ஒரு பழுப்பு வட்டம் தெரிந்தது. மேலே தளம் எங்கே விட்டிருக்கிறது என்று பார்க்க வழியில்லை. போர்டை அறுத்தோம். கறைக்கு நேர் மேலே தளம் உலர்ந்து கிடந்தது. கசிவு நாலடி தள்ளி, ஃபேன் கொக்கியருகே. தண்ணீர் இரும்புச் சட்டத்தின் மேலேயே ஓடிவந்து, போர்டு சேருமிடத்தில் இறங்கியிருக்கிறது.

எங்கள் வீடு காஞ்சிபுரத்தில், நெசவாளர்கள் வாழும் பிள்ளையார்பாளையத்தில். முன்கூடத்தில் அப்பாவின் தறி. மற்ற இடங்களில் மூன்று விதமாகப் போட்டேன்: படுக்கையறைக்கு ஜிப்சம், சாமி அலமாரி இருக்கும் நடுக்கூடத்துக்கு பி.வி.சி. பட்டை, புடவை அடுக்கும் அறைக்கு கிரிட். இரண்டு கோடையும் இரண்டு மழையும் பார்த்தாயிற்று.

அழகென்றால் ஜிப்சம்தான். பன்னிரண்டரை மில்லிமீட்டர் போர்டை முடுக்கி, டேப் ஒட்டி, பட்டி பார்த்து, பெயிண்ட் அடித்துவிட்டால் இணைப்பே தெரியாது. ஜிப்சத்தின் எடையில் ஐந்தில் ஒரு பங்கு நீர், படிகத்துக்குள் கட்டுண்டு கிடக்கிறது. தீப்பிடித்தால் அது ஆவியாகி, நெருப்பு தளத்தை எட்டுவதைத் தாமதப்படுத்தும். ஆனால் வெளியிலிருந்து வரும் தண்ணீரை அதனால் தாங்க முடியாது. வேலை நடந்தபோது மிஞ்சிய துண்டுகளை ஒரு வாளித் தண்ணீரில் இரவு முழுக்கப் போட்டு வைத்தேன். காலையில் ஜிப்சத்தின் காகிதம் உரிந்து, ஓரம் ஊறிய அப்பளம்போல் தொய்ந்திருந்தது. கிரிட்டில் வைக்கும் பலகைகளில் மினரல் ஃபைபர் விரலில் பொடிந்தது. கால்சியம் சிலிகேட் நீர் குடித்துக் கனத்திருந்தாலும் வடிவம் கெடவில்லை. பி.வி.சி.க்கு ஒன்றுமே ஆகவில்லை.

தண்ணீருக்கு அசையாது என்று நம்பித்தான் நடுக்கூடத்தில் பி.வி.சி. போட்டேன். ஈரத்துணியால் துடைத்தால் போதும், கரையானும் அண்டாது. சாமி அலமாரியை மட்டும் யோசிக்கவில்லை. பி.வி.சி. 80 டிகிரி செல்சியஸ் வாக்கிலேயே இளகத் தொடங்கும். தினமும் இரண்டு வேளை விளக்கெரியும் இடத்துக்கு மேலே ஒரு பட்டை இப்போது நெளிந்து நிற்கிறது. எரிந்தால் வரும் புகையில் அமில வாயு இருக்கும். குளியலறைக்கு இதைத் தாராளமாகப் போடலாம். விளக்குக்கும் கற்பூரத்துக்கும் மேலே வேண்டவே வேண்டாம்.

புடவை அறையின் கிரிட், பார்க்க ஆபீஸ் மாதிரி இருக்கிறது என்று அம்மாவுக்குப் பிடிக்கவில்லை. இரண்டுக்கு இரண்டடிப் பலகைகள், T வடிவச் சட்டத்தில் சும்மா உட்கார்ந்திருக்கும். முதலில் மினரல் ஃபைபர் போட்டேன். ஒவ்வொரு முறை தூக்கும்போதும் வெண்தூசு உதிர்ந்தது. பட்டு இருக்கும் அறைக்கு அது ஆகாது. கால்சியம் சிலிகேட்டுக்கு மாறினேன். எடை கூடுதல் என்பதால் தொங்கு கம்பிகளை நெருக்கிக் கட்டச் சொன்னேன்.

கூரை என்றதும், எங்கள் ஊரை ஒட்டிய திருப்பருத்திக்குன்றம் சமணக் கோயிலின் சங்கீத மண்டபத்தை நினைத்துக்கொள்கிறேன். விஜயநகரத் தளபதி இருகப்பன் 1387-88 வாக்கில் எழுப்பியது. அதன் விதானத்தில் தீர்த்தங்கரர் கதைகள் ஓவியமாக இருக்கின்றன. பூச்சின் மேலேயே வரைந்தவை என்பதால், ஓதம் ஏறினால் ஏறிய இடத்திலேயே தெரியும். நம் வீட்டில் நாமே திரை கட்டி மறைத்துக்கொள்கிறோம். திறந்து பார்க்க முடிகிற திரையாகவாவது அது இருக்க வேண்டும் என்பதால்தான் என் ஓட்டு கிரிட்டுக்கு.

உயரத்தை அளக்காமல் ஆளைக் கூப்பிடாதீர்கள். தேசியக் கட்டட விதித்தொகுப்பு குடியிருக்கும் அறைக்கு 2.75 மீட்டர் கேட்கிறது, ஏ.சி. அறையென்றால் ஃபால்ஸ் சீலிங் வரை 2.4 மீட்டர். பலகையைச் சாய்த்து எடுக்க கிரிட்டுக்கு மேலே அரையடியாவது வேண்டும். ஃபேனைத் தளத்துக் கொக்கியில்தான் நீள ராடு போட்டு மாட்ட வேண்டும், போர்டில் அல்ல. வெயிலுக்காகப் போடுகிறவர்கள் முதலில் மொட்டைமாடிக்கு வெள்ளை ஓடு பதியுங்கள். பங்குனி மத்தியானத்தில் பலகையை நகர்த்திக் கைவிட்டுப் பார்த்தால், அந்த இடைவெளி அடுப்புபோல் கொதிக்கிறது.

தறிக் கூடத்தில் எதுவும் போடவில்லை. குழித்தறியில் நெய்பவர் தரையோடு உட்கார்ந்திருப்பார்; ஜக்கார்டு பெட்டியோ தலைக்கு மேலே, அட்டை மாலை தொங்க நிற்கும். பெட்டியைத் தாழ்த்தினால் அதிலிருந்து இறங்கும் கயிறுகள் குறுகி, ஓரத்து இழைகள் சமமாகத் தூக்காது. “தறிக்கு மேல எதையும் கட்டாதப்பா. பாவுல தூசு விழுந்தா ஒவ்வொண்ணா நான்தான் பொறுக்கணும்” என்றார் அப்பா.

இந்த ஐப்பசியில் புடவை அறையிலும் ஒரு மூலையில் ஈரம். ஸ்டூல் போட்டு ஏறி, பலகையைத் தூக்கி, விரிசலைச் சுற்றிப் பென்சிலால் கோடு போட்டேன். மழை விட்டதும் கொத்தனார் மாடியில் அந்த இடத்தைக் கொத்திப் பூசினார். பலகையை வெயிலில் காயவைத்து, அன்று மாலையே திரும்ப வைத்துவிட்டேன்.