வீட்டுக்கு ஒரு தரம்: நேயர் கணக்கெடுப்புகளின் வகைப்பாடும் தேனி மாவட்ட வானொலி நேயரும்

நேயர் கணக்கெடுப்பு என்பது வானொலி, தொலைக்காட்சி, இதழ் போன்ற ஊடகங்களை யார், எவ்வளவு பேர், எப்போது பயன்படுத்துகின்றனர் என்பதை மாதிரி வீடுகளைக் கொண்டு மதிப்பிடும் முறையாகும். இக்கணக்கெடுப்புகள் நேயர்களை எண்ணுவதோடு நிற்பதில்லை. தரம் பிரிக்கவும் செய்கின்றன. விளம்பரதாரர் எந்த நேயருக்காகப் பணம் செலவிடுவார் என்பதை அத்தரமே பெருமளவு தீர்மானிக்கிறது. இந்தியாவில் பின்பற்றப்படும் தரப்பிரிப்பு தேனி மாவட்டத்திற்கும் கம்பம் பள்ளத்தாக்கிற்கும் எவ்வளவு பொருந்துகிறது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

வகைப்பாட்டின் வரலாறு

வீட்டின் முதன்மை வருவாய் ஈட்டுபவரைக் கொண்டு முழுக் குடும்பத்தையும் தரம் பிரிக்கும் வழக்கம் பிரித்தானிய வாசகர் கணக்கெடுப்புகளில் வேரூன்றியது. இந்தியாவில் 1980-களில் இந்தியச் சந்தை ஆய்வுச் சங்கம் சமூகப் பொருளாதார வகைப்பாட்டை உருவாக்கியது. அதில் நகரத்திற்கும் கிராமத்திற்கும் தனித்தனி அளவுகோல்கள் இருந்தன. நகர வீடுகள் முதன்மை வருவாய் ஈட்டுபவரின் கல்வி, தொழில் ஆகிய இரண்டையும் கொண்டு ஏ1 முதல் ஈ2 வரை பிரிக்கப்பட்டன. கிராம வீடுகள் அவரது கல்வியையும் வீட்டின் கட்டுமானத்தையும் கொண்டு ஆர்1 முதல் ஆர்4 வரை பிரிக்கப்பட்டன.

2011-இல் அறிமுகமான புதிய நுகர்வோர் வகைப்பாட்டு முறை இரண்டையும் ஒன்றாக்கியது. முதன்மை வருவாய் ஈட்டுபவரின் கல்வி, 11 உடைமைகளில் வீட்டில் உள்ளவற்றின் எண்ணிக்கை ஆகியவை புதிய அளவுகோல்கள் ஆயின. மின் இணைப்பு, கூரை மின்விசிறி, எரிவாயு அடுப்பு, இருசக்கர வண்டி, வண்ணத் தொலைக்காட்சி, குளிர்பதனப் பெட்டி, சலவை இயந்திரம், கணினி, கார், குளிரூட்டி, வேளாண் நிலம் ஆகியன அந்த 11. இவற்றின்படி வீடுகள் ஏ1 முதல் ஈ3 வரை 12 தரங்களாயின. இப்பட்டியலில் வானொலிப் பெட்டிக்கு இடமில்லை. கைப்பேசிக்கும் இடமில்லை.

நகரமா, கிராமமா?

தேனி மாவட்டம் 1996-இல் மதுரை மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டது. இங்குப் பேரூராட்சிகள் மிகுதி. மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் பேரூராட்சி நகரமாகவே கொள்ளப்படும். அதனால் 2011-இல் மாவட்ட மக்களில் பாதிக்கும் மேற்பட்டோர் நகர்ப்புறத்தினராகப் பதிவாயினர்; மாநில அளவில் இது சுமார் 48 விழுக்காடே. ஆனால் கோம்பை, தேவாரம், பண்ணைப்புரம், உத்தமபாளையம் போன்ற பேரூராட்சிகளில் பெரும்பாலோரின் பிழைப்பு வயலையும் தோப்பையும் மலைத்தோட்டத்தையும் சார்ந்தது.

பழைய முறையின் நகர அட்டவணையில் தொழிலாளி, சிறு வணிகர், கடை உரிமையாளர், எழுத்தர், அதிகாரி ஆகியோர் இருந்தனர், உழவர் இல்லை. எனவே பேரூராட்சியில் வாழும் திராட்சை விவசாயி அவ்வட்டவணையில் தமக்குரியதல்லாத ஒரு கட்டத்திற்குள் அடைக்கப்பட வேண்டியிருந்தது. புதிய முறை தொழிலையே கைவிட்டதால் இச்சிக்கல் நீங்கியது. கூடவே, ஒருவர் பகலில் என்ன செய்கிறார் என்ற செய்தியும் தரத்திலிருந்து மறைந்தது. வானொலி கேட்கும் நேரத்தைத் தொழில்தான் பெரிதும் தீர்மானிக்கிறது என்பதால் இது சிறிய இழப்பன்று.

உடைமைப் பட்டியலின் குறைகள்

பட்டியல் முறைக்குச் சாதகமான காரணம் ஒன்று உண்டு. வருமானத்தை நேரடியாகக் கேட்டால் பலர் கூட்டியோ குறைத்தோ சொல்வர். வீட்டில் தொலைக்காட்சி உண்டா என்று கேட்டால் உண்மையான விடை கிடைக்கும். நாடு முழுவதும் ஒரே கேள்வியைக் கேட்க முடிவதும் ஒரு வசதி. ஆனால் ஒரே கேள்விக்கு எல்லா ஊரிலும் ஒரே பொருள் இருப்பதில்லை.

வேளாண் நிலத்தை எடுத்துக்கொள்ளலாம். நிலம் உண்டா, இல்லையா என்பதே கேள்வி. பெரியாற்றுப் பாசனத்தில் இருபோகம் விளையும் பல ஏக்கர் வயலும், ஆண்டிபட்டிப் பக்கத்தில் மழையை நம்பிய அரை ஏக்கர் மானாவாரிக் காடும் தலா ஓர் உடைமையாகவே எண்ணப்படும். மின்விசிறியின் கதையும் இத்தகையதே. மேகமலையின் குளிரில் வசிக்கும் குடும்பத்திற்குக் கூரை மின்விசிறி தேவையில்லை. அது இல்லாமை வறுமையின் அடையாளமும் அன்று. கணக்கிலோ ஓர் உடைமை குறையும்.

தமிழ்நாட்டில் 2006-க்குப் பின் அரசு விலையில்லா வண்ணத் தொலைக்காட்சிகளை வழங்கியது. வாங்கும் திறனின் அறிகுறியாகப் பட்டியலில் இடம்பெற்ற பொருள் இங்கு நலத்திட்டமாக வீட்டுக்கு வந்தது. 2011-க்குப் பின் வழங்கப்பட்ட மிக்சியும் கிரைண்டரும் பட்டியலில் இல்லாததால் தரத்தை மாற்றவில்லை. எது பட்டியலில் இருந்தது என்பதைப் பொறுத்தே ஒரு வீடு ஏறியது அல்லது நின்றது.

வீடும் நேயரும்

தொலைக்காட்சி பெரும்பாலும் வீட்டில் பார்க்கப்படுவது. வானொலி நேயரோடு நடமாடுவது. கம்பம், கூடலூர், போடிநாயக்கனூர் சுற்றுவட்டாரங்களிலிருந்து ஏராளமான தொழிலாளர்கள், குறிப்பாகப் பெண்கள், விடியலில் ஜீப் ஏறிக் குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு வழியாக இடுக்கி மாவட்டத்தின் ஏலத்தோட்டங்களுக்குச் சென்று மாலையில் திரும்புகின்றனர். அவர்கள் உறங்குவது தமிழ்நாட்டில், உழைப்பது கேரளத்தில்.

இத்தகைய பெண் ஒருவர் கணக்கெடுப்பில் எவ்வாறு பதிவாவார்? கணக்கெடுப்பாளர் பகலில் வந்தால் வீடு பூட்டியிருக்கும். மாலையில் வந்து அவரையே தேர்ந்தாலும், கணவர் முதன்மை வருவாய் ஈட்டுபவர் எனில் அவரது தரம் கணவரின் கல்வியைக் கொண்டே குறிக்கப்படும். வானொலி கேட்பீர்களா என்றால், வீட்டில் பெட்டி இல்லாததால் இல்லை என்று சொல்லக்கூடும். ஜீப்பில் ஓட்டுநர் வைத்த பாட்டைக் கேட்டதை அவர் வானொலி கேட்டதாகக் கருதுவாரா என்பது கேள்வி கேட்கப்படும் விதத்தைப் பொறுத்தது. தேநீர்க் கடையிலும் திராட்சைத் தோட்டத்திலும் காதில் விழும் வானொலிக்கும் இது பொருந்தும்.

ஒலிபரப்பின் எல்லையும் கணக்கெடுப்பின் எல்லையும் ஒன்றல்ல. கொடைக்கானல் மலையிலிருந்து 100.5 மெகாஹெர்ட்ஸில் ஒலிக்கும் அகில இந்திய வானொலியின் பண்பலை, உயரத்தின் பயனாகத் தேனி உட்படப் பல மாவட்டங்களை எட்டுகிறது. ஆனால் 2007-இல் தொடங்கிய வானொலி நேயர் அளவீட்டு முறை, நேயர்கள் நாட்குறிப்பில் கேட்பு நேரத்தை எழுதும் வகையில் சில பெருநகரங்களிலேயே நடந்தது. அவற்றில் தமிழ்நாட்டு நகரம் எதுவும் இல்லை.

மதிப்பீடு

நேயர்திரள் என்பது இயல்பாக எங்கோ இருந்து கண்டுபிடிக்கப்படுவதன்று, ஊடக நிறுவனங்கள் தம் தேவைக்கேற்பக் கட்டமைப்பது என்று இயன் ஆங் 1991-இல் வெளியான தமது நூலில் வாதிட்டார். தேனியின் நிலை அக்கருத்துக்கு வலுச்சேர்க்கிறது. இங்கு வகைப்பாடு அளப்பது வீட்டின் வாங்கும் திறனை. அதை நேயரின் மதிப்பாக வாசிக்கும்போதுதான் தவறு நேர்கிறது. டி, ஈ தரங்களில் விழும் நேயர்கள் எவ்வளவு நேரம் கேட்டாலும் விளம்பரச் சந்தையில் அவர்களது கேட்பு மலிவானது. அவர்களுக்கான நிகழ்ச்சிகளைக் காக்கும் பொறுப்பு பெரும்பாலும் பொது ஒலிபரப்பையே சேர்கிறது. அங்கும் எண்ணிக்கையே அளவுகோலானால், வேளாண் நிகழ்ச்சியும் வட்டாரச் செய்தியும் முதலில் சுருங்கும்.

இந்தியச் சந்தை ஆய்வுச் சங்கம் பின்னர் முன்வைத்த வகைப்பாடு உடைமைப் பட்டியலைக் கைவிட்டு, முதன்மை வருவாய் ஈட்டுபவரின் தொழிலையும் வீட்டில் மிகுதியாகப் படித்த ஆண், பெண் ஆகியோரின் கல்வியையும் எடுத்துக்கொள்கிறது. பெண்ணின் கல்வியும் கணக்கில் வருவது முன்னேற்றமே. ஆயினும் தரம் இன்னும் வீட்டுக்கே உரியது. வானொலியைப் பொறுத்தவரை மூன்று கேள்விகள் கூடுதலாகத் தேவை: கேட்பவர் தாமே என்ன வேலை செய்கிறார், எங்கிருந்து கேட்கிறார், நிலையத்தைத் தேர்ந்தது அவரா பிறரா. இவற்றைக் கேட்காதவரை, ஏலத்தோட்டத்திற்குப் போகும் ஜீப்பில் ஒலிக்கும் வானொலிக்கு ஓட்டுநர் ஒருவரே நேயராகப் பதிவாகக்கூடும்.