ஓடாத பட்டாளத்துக்காரன்

2024 பொங்கலுக்கு வந்த ‘கேப்டன் மில்லர்’ ஒரு உண்மையைச் சொல்கிறது: ஊரில் கிடைக்காத மரியாதையைத் தேடித்தான் நம்மாள் வெள்ளைக்காரன் பட்டாளத்தில் சேர்ந்தான். சரிதான். ஆனால் கூட்டத்தைச் சுடச் சொன்ன அதிகாரியைக் கொன்றுவிட்டு ஓடிய பிறகுதான் படம் அவனை நாயகனாக்குகிறது. ஓடாமல் கடைசிவரை இருந்தவன் எங்கே?

மதராஸ் சாப்பர்ஸ் படையில் பறையர்கள் தலைமுறை தலைமுறையாகப் பாலம் கட்டினார்கள், பாதை போட்டார்கள். அம்பேத்கரின் தந்தை ராம்ஜி பட்டாளத்தில் சுபேதார். 1927 சனவரி 1 அன்று அம்பேத்கர் கோரேகான் தூணுக்குப் போனது அந்த நினைவை மீட்கத்தான்.

அசோக் நகர்த் தோழர் ஒருவர் கேட்டார்: “எங்க தாத்தா பர்மா சண்டைக்குப் போனாரு. பென்ஷன் காசுல புள்ளைங்கள படிக்க வச்சாரு. இதெல்லாம் கதை இல்லியா?”

அமெரிக்காவில் கென் பர்ன்ஸ் இரண்டாம் உலகப்போர் பற்றி எடுத்த ‘தி வார்’ ஆவணப்படத்தில் ஹிஸ்பானியச் சிப்பாய்களுக்கு இடமில்லை. அவர்கள் சும்மா இருக்கவில்லை; போராடினார்கள். 2007இல் படம் ஒளிபரப்பாகும் முன் அவர்களுடைய பேட்டிகள் சேர்க்கப்பட்டன.

இங்கே கேட்டால், ‘வெள்ளையனுக்குச் சேவகம் செய்தவன்தானே’ என்பார்கள். சேரிக்காரனுக்கு ஊர் என்ன சேவகம் வைத்திருந்தது? அதை முதலில் படமெடுங்கள்.