ஒரே அறிவிப்பில் இரு நூல்கள்: மலேசியத் தமிழ்ப் புனைகதையும் தன்பால் ஈர்ப்பும்

2020ஆம் ஆண்டு டிசம்பரில் மலேசிய உள்துறை அமைச்சு இரு நூல்களின் தடையை ஒருசேர அறிவித்தது. ஒன்று ம. நவீனின் 'பேய்ச்சி' என்னும் தமிழ் நாவல். மற்றொன்று தன்பால் ஈர்ப்பைக் கிறித்துவ நோக்கில் அணுகும் 'கே இஸ் ஓகே' என்னும் ஆங்கில நூல். இரு தடைகளுக்கும் 1984ஆம் ஆண்டின் அச்சகங்கள், வெளியீடுகள் சட்டமே அடிப்படை. முன்னது நம் இலக்கியச் சிக்கலாகவும் பின்னது பிறர் சிக்கலாகவும் கருதப்படுகின்றன. இப்பிரிப்பு பொருந்துமா என்பதே நாம் இங்கு எழுப்பும் வினா.

இவ்வினாவை ஆராயத் துணைபுரிவது, கொழும்பில் பிறந்த ஷியாம் செல்வதுரை ஆங்கிலத்தில் எழுதிய 'ஃபன்னி பாய்' (1994). ஆறு கதைகளாலான இந்நாவலின் தொடக்கத்தில், சேலையுடுத்தி மணப்பெண்ணாக விளையாடும் தமிழ்ச் சிறுவன் அர்ஜி அவ்விளையாட்டினின்று விலக்கப்படுகின்றான். அவனை 'ஆண்மகன்' ஆக்கத் தந்தை வேறு பள்ளிக்கு அனுப்புகின்றார். அங்கேதான் ஷெஹான் என்னும் சிங்கள மாணவன்மீது அவனுக்குக் காதல் அரும்புகின்றது. இறுதியில் 1983 ஜூலைக் கலவரத்தில் வீடு எரிகின்றது; குடும்பம் கனடாவுக்குப் புறப்படுகின்றது. மகனுக்கு எல்லை வகுத்த குடும்பமே பெரும்பான்மை வகுத்த எல்லைக்கு வெளியே தள்ளப்படுகின்றது. நாவலின் உயிர்நிலை இதுவே எனலாம்.

இறுதிப் பகுதி நாட்குறிப்பு வடிவில் அமைந்திருப்பதும் கருதத்தக்கது. நாட்குறிப்பு எழுதுவோன் மறுநாளை அறியான். ஆதலின் நடந்து முடிந்த கலவரம் வரவிருக்கும் அச்சமாக வாசகனை வந்தடைகின்றது.

கிள்ளான் பள்ளத்தாக்கின் அண்மை வரலாற்றையும் அத்தகைய நாட்குறிப்பாக வாசிக்கலாம். பாலின, பாலியல் உரிமைகளுக்கான 'செக்சுவாலிட்டி மெர்டேக்கா' விழா 2008இல் கோலாலம்பூரில் தொடங்கியது. 2011இல் காவல்துறை அதனைத் தடைசெய்தது. 'கே இஸ் ஓகே' நூலின் தடையை 2022இல் உயர்நீதிமன்றம் நீக்கியது. 2025இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அத்தடையை மீண்டும் நிலைநாட்டியது. ஆங்கிலேயர் விட்டுச்சென்ற 377ஆம் பிரிவின் பிடியை, ஒப்புதலுடன் கூடும் வயதுவந்தோரைப் பொறுத்தவரை, இந்தியா 2018இல் தளர்த்தியது. சிங்கப்பூர் ஆணிடை உறவைக் குற்றமாக்கிய தன் 377ஏ பிரிவை நீக்கியது. மலேசியத் தண்டனைச் சட்டமோ இருபது ஆண்டுவரை சிறையும் பிரம்படியும் விதிக்க இன்றும் இடமளிக்கின்றது.

இச்சூழலில், வார நாள்களில் பிரிக்பீல்ட்ஸ் வாடகை அறையிலும் வார இறுதியில் கிள்ளானில் பெற்றோருடனும் வாழும் தன்பால் ஈர்ப்புடைய தமிழ் இளைஞன் ஒருவனை, இன்னும் இருபதாண்டு கடந்த காலத்தில் வைத்து ஒரு நாவல் எழுதப்படுவதாகக் கொள்வோம். அதற்கு விந்தைக் கருவிகளோ புதிய கொடுங்கோலனோ தேவையில்லை. கே.எல். சென்ட்ரலிலிருந்து கிள்ளான் செல்லும் ரயிலில் கைப்பேசியிலுள்ள ஒரு பெயரை அவன் அழிப்பதும், வீட்டில் அத்தை திருமணப் பேச்செடுப்பதும், அறை உரிமையாளர் விருந்தினர் யாரென வினவுவதும் போதும். தோட்டத் துயரையும் இடப்பெயர்வையும் நுட்பமாகப் பதிவு செய்துள்ள நம் புனைகதையில் இவன் அருகியே தென்படுகின்றான்.

அவனைப் போற்ற வேண்டும் என்பதோ இரங்க வேண்டும் என்பதோ நம் கருத்தன்று. சிறுபான்மையாக வாழும் நாம், நமக்குள் இருக்கும் சிறுபான்மையை எவ்வாறு நடத்துகின்றோம் என்பதை அவன்வழியே அறியலாம். 'பேய்ச்சி'க்கு எதிரான குரல்களும் தமிழர்களிடமிருந்தே எழுந்தன. பிறர் நூலுக்குக் கதவடைக்கும் சட்டமே நம் நூலுக்கும் கதவடைக்கும் என்பதற்கு அந்த ஒரே அறிவிப்பு போதிய சான்றாகும்.