பழைய பாட்டும் புதிய படமும்

அண்மைக் காலத் திரைப்படங்களில் ஒரு வழக்கம் பெருகி வருவதை வாசகர்கள் கவனித்திருப்பீர்கள். முக்கியமான கட்டம் வந்ததும் புதிய இசை ஓய்கிறது. முப்பது, நாற்பது ஆண்டுகளுக்கு முந்தைய பாட்டொன்று ஒலிக்கிறது. கொட்டகை ஆர்ப்பரிக்கிறது. இந்த ஆர்ப்பரிப்பு யாருக்குச் சேர வேண்டியது? படத்துக்கா, பாட்டுக்கா?

விடை தேடுமுன் ஒலியியலின் விந்தை ஒன்றைப் பார்ப்போம். எங்கள் ஏரியூர்ப் பக்கத்தில் திருவிழா என்றால் மரக்கிளையில் கூம்பு ஒலிபெருக்கியைக் கட்டிப் பாட்டுப் போட்ட காலம் ஒன்று உண்டு. அத்தகைய கூம்பு சுமார் 300 ஹெர்ட்சுக்குக் கீழுள்ள ஒலியைச் சரிவர வெளியிடாது. தாழ்ந்த ஆண் குரலின் அடிப்படை அதிர்வெண்ணோ 100 ஹெர்ட்சை ஒட்டியது. அப்படியானால் அக்குரல் கீச்சுக் குரலாக அல்லவா மாறிவிட வேண்டும்? மாறுவதில்லை. 300, 400, 500 ஹெர்ட்ஸ் என நூறு நூறாக வரும் மேற்சுரங்களின் ஒழுங்கைக் கொண்டு, வந்து சேராத அடிச்சுரத்தை மூளையே உணர்ந்துகொள்கிறது. கைப்பேசியின் சிறு ஒலிபெருக்கியில் கேட்கும்போதும் இதுதான் நிகழ்கிறது.

பழைய பாட்டும் ஏறக்குறைய அப்படித்தான். (உவமைதான், இரண்டும் மூளையில் ஒரே செயல் என்று மாணவர்கள் விடைத்தாளில் எழுதிவிட வேண்டாம்!) பாட்டு கொஞ்சம் தருகிறது. அந்தத் திருவிழா, அந்தப் பேருந்துப் பயணம், அந்த வயது என்று மிச்சத்தைக் கேட்பவரே நிரப்பிக்கொள்கிறார். இயக்குநருக்கு உழைப்பின்றிக் கிடைக்கும் கொடை அது.

2025-ல் வெளிவந்த 'குட் பேட் அக்லி' இந்தக் கொடையை நம்பியே நடக்கிறது. 'சகலகலா வல்லவன்' (1982), 'விக்ரம்' (1986), 'நாட்டுப்புறப் பாட்டு' (1996) என்று இளையராஜாவின் பாடல்கள் மட்டும் மூன்று. அனுமதியின்றிப் பயன்படுத்தியதாக அவர் சென்னை உயர் நீதிமன்றம் வரை சென்றார். உரிமை யாருடையது என்பது சட்டத்தின் கேள்வி, அதை விடுவோம். அந்த இடங்களில் வேறு பழைய பாட்டைப் போட்டிருந்தால் கதைக்கு என்ன குறைந்திருக்கும்? ஒன்றுமில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது.

2024-ல் வந்த மலையாளப் படம் 'மஞ்சும்மல் பாய்ஸ்' வேறு வகை. 2006-ல் கொடைக்கானல் குகைப் பள்ளத்தில் விழுந்த இளைஞரை அவருடைய நண்பர்கள் மீட்ட உண்மைச் சம்பவமே அதன் கதை. 'குணா' (1991) படமாக்கப்பட்டதால் குணா குகை என்று பெயர் பெற்ற இடம் அது. அப்படத்தில் கமல்ஹாசனும் எஸ். ஜானகியும் பேச்சும் பாட்டுமாகப் பாடிய கடிதப் பாடலைப் புதிய படம் தொடக்கத்திலேயே கேட்கச் செய்துவிடுகிறது. பிறகு பள்ளம், இருட்டு, மழை, கயிறு. மீட்புக் கட்டத்தில் அதே பாடல் திரும்பி வரும்போது காதலுக்காக எழுதப்பட்ட சொற்கள் நட்புக்கு உரியவை ஆகிவிடுகின்றன.

இப்போது என் வகுப்பு மாணவர்களை எண்ணிப் பாருங்கள். 'குணா' வெளிவந்து பதினைந்து ஆண்டுகளுக்குப் பிறகு பிறந்தவர்கள். நிரப்பிக்கொள்ள அவர்களிடம் பழைய நினைவு ஏது? ஆயினும் அந்தக் காட்சியில் கண் கலங்கியதாகச் சொன்னவர்களும் அவர்களே. வேண்டிய நினைவைப் படமே இரண்டு மணி நேரத்துக்குள் உண்டாக்கிக் கொடுத்திருக்கிறது! நாற்பதைத் தாண்டியவர்களுக்கு அதற்கு மேல் கிடைப்பது உபரி.

அதே ஆண்டின் 'லப்பர் பந்து' இவ்விரண்டுக்கும் நடுவே நிற்கிறது. 'பொன்மனச் செல்வன்' (1989) பாடல் அங்கே விஜயகாந்த் ரசிகரான மட்டையாளர் ஒருவரின் அடையாளம். பாட்டு அந்த மனிதருக்குச் சொந்தமாக இருப்பதால் பொருந்துகிறது. ஆனால் 2023 டிசம்பரில் விஜயகாந்த் மறைந்த துயரம் ஆறாத வேளையில் வந்த படம் அது. கொட்டகையில் எழுந்த கைதட்டலில் அவருக்கு எவ்வளவு, ஆட்டக்காரருக்கு எவ்வளவு என்று பிரித்து அளக்க எந்த ஆய்வகத்திலும் கருவி இல்லை.